கோடு எழுதுபவர்கள் கூடும் இடம்

*எல்லா உரைகளும் யூடியூபில் இலவசமாகக் கிடைக்கும் காலத்தில், புரோகிராமிங் மாநாடுகளுக்கு நேரில் ஏன் போக வேண்டும்? ஒரு வெப் டெவலப்பரின் அனுபவம்.*

1991 டிசம்பர். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள சான் அன்டோனியோ நகரம். ஹைப்பர்டெக்ஸ்ட் (இணைப்புகளால் கோக்கப்பட்ட உரை) துறை ஆய்வாளர்கள் கூடிய மாநாட்டுக்கு ஜெனீவாவிலிருந்து இரண்டு பேர் வந்திறங்கினார்கள். ஒருவர் டிம் பெர்னர்ஸ்-லீ, இன்னொருவர் ராபர்ட் கையோ. கையில் ஒரு நெக்ஸ்ட் கம்ப்யூட்டர், ஒரு மோடம். அவர்கள் அனுப்பியிருந்த ஆய்வுக் கட்டுரையை மாநாட்டுக் குழு நிராகரித்துவிட்டது. ஒரு மேஜை போட்டுச் செய்துகாட்ட மட்டும் அனுமதி கிடைத்திருந்தது.

ஹோட்டலில் இன்டர்நெட் கிடையாது. கையோ மேனேஜரிடம் பேசி, அரங்குக்குப் பக்கத்தில் ஒரு டெலிபோன் லைனை இழுக்க வைத்தார். உள்ளூர்ப் பல்கலைக்கழகத்துக்கு போன் செய்து, அவர்களுடைய டயல்-அப் இணைப்பைக் கேட்டு வாங்கினார். கொண்டுவந்த மோடமோ 220 வோல்ட்டில் ஓடுவது. அமெரிக்காவில் 110 வோல்ட். அதையும் பிரித்து, சால்டர் செய்து சரிக்கட்டினார்கள். இத்தனை பாடுபட்டு அந்த மேஜையில் அவர்கள் காட்டியதுதான் வேர்ல்டு வைட் வெப்.

இரண்டு வருடம் கழித்து, 1993-இல் அதே மாநாடு சியாட்டிலில் கூடியது. அங்கே செய்துகாட்டப்பட்டவற்றில் பெரும்பாலானவை வெப் சம்பந்தப்பட்டவையாக இருந்தன. 1994 மே மாதம் ஜெனீவாவில் உள்ள செர்ன் ஆய்வகத்தில் வெப்புக்கென்றே முதல் உலக மாநாடு நடந்தது. 380 பேர் கலந்துகொண்டார்கள்.

வெப்பை நம்பிப் பிழைக்கிற லட்சக்கணக்கானவர்களில் நானும் ஒருத்தன். மாநாடுகளுக்கும் பயிற்சிப் பட்டறைகளுக்கும் தொடர்ந்து போய்வருகிறேன். பார்வையாளனாகவும் போயிருக்கிறேன், பயிற்சியாளனாகவும் நின்றிருக்கிறேன். சான் அன்டோனியோ கதையை ஒவ்வொரு புது டெவலப்பரிடமும் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. மாநாடு என்றால் அறிஞர்கள் முடிந்துபோன முடிவுகளை வாசிக்கும் இடம் என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். புரோகிராமிங் உலகில் அது அரைகுறையாக முடிந்த ஒன்றை நாலு பேர் முன்னால் வைத்து, "இதைப் பாருங்கள், ஓடுகிறது" என்று சொல்லும் இடம். அந்த நாலு பேரில் ஒருவராக நிற்பதற்கும், அதையே ஒரு வருடம் கழித்து வீட்டில் உட்கார்ந்து வீடியோவில் பார்ப்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

மேடையில் தொடங்கிய மாற்றங்கள்

உங்கள் போனில் ஒரு செய்தித் தளத்தைத் திறக்கிறீர்கள். எழுத்தும் படமும் திரையின் அகலத்துக்குத் தானாகப் பொருந்திக்கொள்கின்றன. 'ரெஸ்பான்சிவ் வெப் டிசைன்' என்ற அந்த முறையை ஈத்தன் மார்கோட் என்ற வடிவமைப்பாளர் 2010 ஏப்ரலில் சியாட்டிலில் நடந்த 'அன் ஈவென்ட் அபார்ட்' மாநாட்டில் பேசினார். அடுத்த மாதமே கட்டுரையாக எழுதினார். அதற்கு முன்பு கம்ப்யூட்டருக்கு ஒரு தளம், போனுக்குத் தனியாக ஒரு தளம் என்று செய்துகொண்டிருந்தோம்.

அதற்குச் சில மாதங்கள் முன்னால், 2009 நவம்பரில், பெர்லினில் ஜேஎஸ்கான்ஃப் என்ற ஜாவாஸ்கிரிப்ட் மாநாடு. ரயன் டால் என்ற இளைஞர் மேடையேறினார். பிரவுசருக்குள் மட்டுமே பெரும்பாலும் ஓடிக்கொண்டிருந்த ஜாவாஸ்கிரிப்டை சர்வரில் ஓடவைக்க அவர் எழுதியிருந்த நோட்.ஜேஎஸ்ஸை விளக்கினார். பேச்சு முடிந்ததும் அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. இன்று வெப் டெவலப்பர் வேலைக்கான விளம்பரங்களில் அந்தப் பெயரைப் பார்க்காமல் இருப்பது அரிது. அதே ரயன் டால் 2018-இல் அதே பெர்லின் மாநாட்டுக்குத் திரும்பி வந்து, நோட்.ஜேஎஸ்ஸில் தான் வருந்தும் பத்து விஷயங்களைப் பட்டியல் போட்டுப் பேசினார். அந்த உரையிலேயே 'டீனோ' என்ற புதிய முயற்சியையும் அறிவித்தார். தான் செய்ததன் குறைகளை, அதைத் தினமும் பயன்படுத்துகிறவர்கள் முன்னாலேயே எடுத்துவைக்கும் இந்த நேர்மையை வேறு எத்தனை தொழில்களின் மேடைகளில் பார்க்க முடியும்?

எல்லா அறிமுகத்துக்கும் கைதட்டல் கிடைத்துவிடாது. 2013 மே மாதம் அமெரிக்காவில் நடந்த ஜேஎஸ்கான்ஃபில் ஃபேஸ்புக் பொறியாளர்கள் ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியை வெளியிட்டபோது பலர் முகம் சுளித்தார்கள். ஜாவாஸ்கிரிப்டுக்குள்ளேயே ஹெச்.டி.எம்.எல். மாதிரி எழுதுவதா என்று கேட்டார்கள். ரியாக்ட் குழுவினர் சோர்ந்துவிடவில்லை. அடுத்தடுத்த மாநாடுகளில் அந்தச் சந்தேகத்துக்கு நேராகப் பதில் சொன்னார்கள். எதிர்ப்பைக் கேட்டு விளக்கம் கூர்மையானது, விளக்கத்தைக் கேட்டு எதிர்ப்பு அடங்கியது. மாநாடுகளின் வேலையே இதுதான்.

இதெல்லாம் வெளிநாட்டுக் கதை என்று ஒதுக்கவும் முடியாது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த 'தமிழ்நெட் 99' மாநாட்டில் பல நாட்டுத் தமிழ்க் கணினி வல்லுநர்கள் ஒன்றுகூடினார்கள். ஆளுக்கொரு விசைப்பலகை, ஆளுக்கொரு எழுத்துரு என்று கிடந்த காலம் அது. அங்கே நடந்த விவாதங்களின் பலனாகப் பொது விசைப்பலகை ஒன்று தரப்படுத்தப்பட்டது, தமிழக அரசும் அதை ஏற்றது. இடது கைக்கு உயிர், வலது கைக்கு மெய் என்று பிரித்து, 31 விசைகளில் 247 எழுத்துகளையும் அடிக்க வழிசெய்த 'தமிழ் 99' அதுதான். இந்தக் கட்டுரையை அதில்தான் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

அரங்குக்குள் ஒரு நாள்

2019 அக்டோபரில், பைத்தான் என்ற புரோகிராமிங் மொழிக்கான இந்திய மாநாடான 'பைகான் இந்தியா' சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்துக்கு வந்தது. 2009-இல் பெங்களூரில் தொடங்கி ஊர் ஊராக நகரும் மாநாடு அது. பைத்தான்காரர்கள் முதன்முதலாகக் கூடியது 1994 நவம்பரில், அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில். அன்று வந்தவர்கள் ஏறத்தாழ 20 பேர். நந்தம்பாக்கம் அரங்கில் நின்று கூட்டத்தைப் பார்த்தபோது, அந்த 20 பேர் இதைக் கற்பனை செய்திருப்பார்களா என்றுதான் தோன்றியது.

இதுவரை போகாதவர்களுக்காக, உள்ளே என்ன இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். பெரிய மாநாடுகளில் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று அரங்குகளில் உரைகள் நடக்கும். யார் பேசுவது என்பதைப் பல மாதங்களுக்கு முன்பே தீர்மானிப்பார்கள். பேச விரும்புகிறவர்கள் தலைப்பையும் சுருக்கத்தையும் அனுப்ப, தன்னார்வலர்கள் படித்துத் தேர்ந்தெடுப்பார்கள். வெளியே ஸ்பான்சர் நிறுவனங்களின் ஸ்டால்கள். அங்கே ஸ்டிக்கரும் கிடைக்கும், சில நேரம் வேலையும் கிடைக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது 'லைட்னிங் டாக்'. ஆளுக்கு ஐந்தே நிமிடம். மணி அடித்தால் இறங்கிவிட வேண்டும். 2000-இல் பிட்ஸ்பர்க்கில் நடந்த பெர்ல் மாநாட்டில் மார்க் ஜேசன் டொமினஸ் இந்தப் பெயரைச் சூட்டினார். அரை மணி நேரம் பேச நெஞ்சுறுதி வேண்டும். ஐந்து நிமிடம் பேச ஒரு நல்ல யோசனை இருந்தால் போதும். அந்த வரிசையில் கல்லூரி மாணவர் நிற்பார், அவருக்கு அடுத்து உலகம் முழுக்கப் பயன்படும் ஒரு லைப்ரரியை எழுதியவர் நிற்பார். இருவருக்கும் அதே மைக், அதே ஐந்து நிமிடம்.

உரைகளைவிட அதிகமாக நான் கற்றுக்கொண்டது டீ இடைவேளைகளில். ஒரு உரையாளர் டேட்டாபேஸ் வேகத்தைப் பற்றிப் பிரமாதமாகப் பேசுவார். டீக் கோப்பையோடு நிற்கும்போது, "சார், உங்க முறையை எங்க சிஸ்டத்துல போட்டா ராத்திரி பேக்கப் ஓடும்போது மாட்டிக்குது" என்று யாராவது கேட்பார்கள். "எங்களுக்கும் அதே பிரச்னை வந்துச்சு" என்று ஆரம்பித்து, ஸ்லைடில் போடாத முழு விவரத்தையும் அவர் சொல்வார். எது ஏன் சரிப்படவில்லை என்ற அந்தத் தகவல் எந்த வீடியோவிலும் கிடைக்காது. நம் தொழிலில் அதற்குத்தான் விலை அதிகம்.

எல்லோரும் ஊருக்குக் கிளம்பிய பிறகு

பெரும்பாலானவர்கள் உரைகள் முடிந்ததும் கிளம்பிவிடுகிறார்கள். யாரும் கோடைப் பார்க்கவும் திருத்தவும் கூடிய 'ஓபன் சோர்ஸ்' மென்பொருள்களுக்கான மாநாடுகளில் அதற்குப் பிறகு 'ஸ்பிரிண்ட்' என்று ஒன்று உண்டு. மேடை கிடையாது. நீளமான மேஜைகள், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்கள், லேப்டாப்கள். ஒவ்வொரு மேஜையிலும் ஒரு ஓபன் சோர்ஸ் மென்பொருளைப் பராமரிக்கிறவர் உட்கார்ந்திருப்பார். யார் வேண்டுமானாலும் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அந்த மென்பொருளில் வேலை செய்யலாம்.

அப்படி ஒரு மேஜையில் பார்த்ததைச் சொல்கிறேன். கலை அறிவியல் கல்லூரியில் இறுதி ஆண்டு படிக்கும் ஒரு மாணவி. கோடின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் 'கிட்' கருவி ஓரளவு தெரியும், பெரிய புரோகிராம் எதுவும் எழுதியதில்லை. மென்பொருளை லேப்டாப்பில் நிறுவவே அவருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. விண்டோஸுக்கான குறிப்புகளில் இருந்த ஒரு கட்டளை பழையது, அது வேலை செய்யவில்லை. "அண்ணா, எனக்கு இன்ஸ்டாலே ஆகல. நான் என்ன பண்றது?" என்று தயங்கினார். பராமரிப்பாளர் சிரித்த முகமாகச் சொன்னார்: "எங்க யார்கிட்டயும் விண்டோஸ் இல்லம்மா. உங்களுக்கு எந்த இடத்துல தடுக்குச்சோ, அதை அப்படியே திருத்தி எழுதுங்க. அதுதான் இன்னைக்கு எங்களுக்கு வேணும்."

அந்த மாணவி ஃபோர்க் செய்து தனக்கொரு பிரதி எடுத்தார், தனி பிராஞ்ச் போட்டார், கட்டளையை மாற்றினார், இரண்டு வரி விளக்கம் சேர்த்தார். அனுப்பினால் தானியங்கிச் சோதனையில் சிவப்புக் குறி. ஒரு வரி அனுமதித்த நீளத்தைத் தாண்டியிருந்தது. மடித்து எழுதி மறுபடியும் அனுப்பினார். பச்சை வந்தது. பராமரிப்பாளர் எதிரிலேயே உட்கார்ந்து படித்து, ஒரு சொல்லை மாற்றச் சொல்லி, பிறகு மெர்ஜ் செய்து மென்பொருளோடு சேர்த்தார். உலகத்தில் எங்கே யார் அந்தப் பக்கத்தைத் திறந்தாலும் இனி இவர் எழுதியதைத்தான் படிப்பார்கள்.

மாற்றியது சில வரிகள்தான். காலையில் வந்தபோது அவர் ஒரு மென்பொருளைப் பயன்படுத்துகிறவர். மாலையில் அதை உருவாக்கியவர்களில் ஒருவர். மாநாடுகளால் எனக்கு என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் ஒரே பதில் இதுதான். நாம் தினமும் பயன்படுத்தும் கருவிகள் எங்கிருந்தோ இறங்கி வருவதில்லை. நம்மைப் போன்றவர்கள் எழுதியவை, நாமும் திருத்தக்கூடியவை. இதை எத்தனை கட்டுரையில் படித்தாலும் முழுதாக நம்ப மாட்டோம். எழுதியவர் எதிரில் உட்கார்ந்து "இதை நீங்க மாத்துங்க" என்று சொல்லும்போதுதான் நம்பிக்கை வருகிறது.

மூன்று பேருக்கு ஒரு பயிற்சியாளர்

மாநாட்டில் பயன் பெற அடிப்படை தெரிந்திருக்க வேண்டும். அதைத் தரும் பயிற்சிப் பட்டறைகளில் நான் உயர்வாக மதிப்பது 'ஜாங்கோ கேர்ள்ஸ்' முறையை. ஓலா சிதார்ஸ்கா, ஓலா செண்டெக்கா என்ற இரண்டு போலந்துப் பெண்கள் 2014 ஜூலையில் பெர்லினில், யூரோபைத்தான் மாநாட்டை ஒட்டி முதல் பட்டறையை நடத்தினார்கள். புரோகிராமிங்கே தெரியாத பெண்கள் ஒரே நாளில் சொந்தமாக ஒரு வலைத்தளம் செய்து, அதை இன்டர்நெட்டில் ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போகலாம். கட்டணம் இல்லை. பாடக் குறிப்பை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். பல நாடுகளில் தன்னார்வலர்கள் இதை நடத்துகிறார்கள், இந்தியாவிலும் நடந்திருக்கிறது.

இதன் வெற்றிக்குக் காரணம் ஒரு எளிய ஏற்பாடு. மூன்று பேருக்கு ஒரு பயிற்சியாளர். முன்னால் நின்று ஒருவர் பேச, நூறு பேர் குறிப்பெடுக்கும் பழக்கமே இங்கே இல்லை. அவரவர் வேகத்தில் போகலாம்.

இந்த ஏற்பாடு ஏன் முக்கியம் என்பது பட்டறையின் முதல் மணி நேரத்திலேயே தெரிந்துவிடும். விண்டோஸில் பைத்தானை நிறுவும்போது 'பாத்' என்ற பெட்டியில் டிக் போட மறந்தால், அடுத்து பைத்தான் கட்டளை கொடுத்தால் அப்படி ஒன்று இல்லை என்று கம்ப்யூட்டர் சொல்லும். விஷயம் தெரிந்தவருக்கு இரண்டு நிமிட வேலை. நூறு பேர் அரங்கில் பின்வரிசையில் இருப்பவருக்கு அந்த நாளே முடிந்துவிட்டது. கை தூக்கிக் கேட்கக் கூச்சம். "எனக்கு இது வராது போல" என்று லேப்டாப்பை மூடிவிடுவார். இந்த முதல் தடையில் எத்தனை நல்ல டெவலப்பர்களை இழக்கிறோம் என்பதற்குக் கணக்கு கிடையாது. நம் கல்லூரிகள் ஆடிட்டோரியம் நிறைய மாணவர்களை உட்காரவைத்து 'ஒருநாள் பயிற்சி' என்று சான்றிதழ் கொடுத்து அனுப்புவதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு வலிக்கிறது. சிறிய வகுப்பறையில், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர நாலு சீனியர்கள் இருந்தால், அதே செலவில் நிஜமான பயிற்சி கொடுக்கலாம்.

வாசலில் நிற்பவர்கள்

மாநாடு நல்லது என்றால், அதற்குள் யாரால் வர முடிகிறது என்று கேட்க வேண்டாமா? வெளிநாட்டு மாநாடு என்றால் விமானம், விசா, தங்குமிடம் என்று செலவு லட்சங்களில் போகும். உள்நாட்டிலும் டிக்கெட், ரயில், இரண்டு நாள் தங்கல் என்று ஒரு மாணவரால் தாங்க முடியாத தொகை ஆகிவிடும். பைத்தான் மாநாடுகளில் நிதியுதவிக்கு விண்ணப்பிக்கும் வழி இருக்கிறது. கூச்சப்படாமல் விண்ணப்பியுங்கள், உங்களைப் போன்றவர்களுக்காகவே ஒதுக்கிய பணம் அது.

அடுத்த தடை, 'நம்மைப் போன்றவர்களுக்கு இங்கே இடமில்லை' என்ற எண்ணம். பெர்லின் ஜேஎஸ்கான்ஃப் அமைப்பாளர்கள் 2012-இல் இதற்கு ஒரு வழி கண்டார்கள். பெண்களைத் தேடித் தேடிப் பேச அழைத்தார்கள். விண்ணப்பங்கள் வந்ததும் பெயர்களை மறைத்துவிட்டு, விஷயத்தை மட்டும் பார்த்துத் தேர்வு செய்தார்கள். அந்த ஆண்டு பேச்சாளர்களில் கால்வாசிப் பேர் பெண்கள். யாருக்கும் சலுகை காட்டவில்லை. அழைப்பு போய்ச் சேர்ந்தது, தேர்வு நேர்மையாக நடந்தது, அவ்வளவுதான். நம் ஊர் நிகழ்ச்சிகளை நடத்துகிறவர்கள் இந்த இரண்டையும் நாளையே தொடங்கலாம்.

மூன்றாவது தடை ஆங்கிலம். நம் பிள்ளைகளில் ஏராளமானவர்களுக்கு கோடு புரிகிறது, கோடைப் பற்றி ஆங்கிலத்தில் நின்று கேட்கத்தான் வாய் வருவதில்லை. தமிழில் நடக்கும் கூட்டங்களில் அதே பிள்ளைகள் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்பதைப் பார்த்திருக்கிறேன். அதனால் தமிழில் பேசும் மேடைகளை இரண்டாம் தரமாக நினைப்பதை முதலில் நாம் நிறுத்த வேண்டும்.

பஸ் ஏறினால் போய்விடலாம்

அந்த மேடைகள் நமக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. சென்னை லினக்ஸ் பயனர் குழு 1998-இலிருந்து இயங்குகிறது. மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை ஐ.ஐ.டி. வளாகத்தில் கூடுவது அவர்கள் வழக்கம். பைத்தான்காரர்களின் 'சென்னைபை' நான்காவது சனிக்கிழமையில் கூடும். காஞ்சி லினக்ஸ் பயனர் குழுவின் கூட்டங்கள் தமிழிலேயே நடக்கின்றன. விழுப்புரம் லினக்ஸ் பயனர் குழு கிராமப்புற மாணவர்களுக்கு இலவசமாகப் பயிற்சி தருகிறது. கணியம் அமைப்பு 2012-இலிருந்து கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதிவருகிறது. கிளம்புவதற்கு முன் அந்த மாதக் கூட்டம் எங்கே என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், இடம் மாறுவதுண்டு.

இந்தக் கூட்டங்களுக்கு டிக்கெட் கிடையாது. முப்பது பேர் வரலாம், பத்துப் பேரும் வரலாம். ஆனால் பெரிய மாநாட்டில் நடப்பது அத்தனையும் இங்கே சிறிய அளவில் நடக்கும். அதோடு, முதல் தடவை போகிற அன்றே உங்களிடம் "அடுத்த மாதம் நீங்க ஏதாவது பேசுறீங்களா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குச் சரி என்று சொல்லிவிடுங்கள்.

முதல்முறை போகிறவர்களுக்கு

- எல்லா உரைகளையும் கேட்க ஓடாதீர்கள். ஒரு நாளைக்கு மூன்று போதும். மீதியை வீடியோவில் பார்த்துக்கொள்ளலாம், மனிதர்களை அப்படிச் சந்திக்க முடியாது.
- உங்கள் வேலையில் தீராத ஒரு பிரச்னையை ஒரே வாக்கியத்தில் எழுதி எடுத்துப் போங்கள். பார்க்கிறவர்களிடமெல்லாம் கேளுங்கள்.
- நாலைந்து பேர் வட்டமாக நின்று பேசும்போது, இன்னொருவர் வந்து சேர எப்போதும் ஒரு இடைவெளி விடுங்கள். எரிக் ஹோல்ஷர் என்ற டெவலப்பர் இதை 'பேக்மேன் விதி' என்றார். புதிதாக வருகிறவருக்கு இதைவிடப் பெரிய வரவேற்பு கிடையாது.
- பட்டறைக்குப் போகும் முன்தினமே வேண்டிய மென்பொருள்களை வீட்டில் டவுன்லோடு செய்துவிடுங்கள். அரங்கின் வைஃபையை நம்ப வேண்டாம்.
- ஸ்பிரிண்ட் நாள் இருந்தால், அதற்கும் சேர்த்து ரயில் டிக்கெட் போடுங்கள்.
- திரும்பி வந்த வாரத்திலேயே அலுவலகத்திலோ கல்லூரியிலோ பத்துப் பேரை உட்காரவைத்து, கற்றதைச் சொல்லுங்கள். சொல்லிக்கொடுக்கும்போதுதான் பாதி விஷயம் நமக்கே புரிகிறது.

செய்ய வேண்டியது

தமிழ்நாட்டின் ஐ.டி. நிறுவனங்களில் உலகத்துக்கே மென்பொருள் எழுதும் கைகள் இருக்கின்றன. உலகம் பயன்படுத்தும் ஓபன் சோர்ஸ் கருவிகளைப் பராமரிப்பவர்களில் நம்மவர்கள் இன்னும் எவ்வளவோ அதிகமாக இருக்க வேண்டும். திறமைக் குறைவால் வந்த இடைவெளி இல்லை இது. ஸ்பிரிண்ட் மேஜையில் உட்காரும் வாய்ப்பு கிடைக்காததால் வந்தது.

எனவே நிறுவனங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊழியர்கள் மாநாட்டுக்குப் போகும் நாள்களை விடுப்புக் கணக்கில் எழுதாதீர்கள், அதுவும் வேலை நாள்தான். கல்லூரிகளுக்கு ஒரு வேண்டுகோள். மாதம் ஒரு சனிக்கிழமை மதியம், இணையத்தோடு ஒரு வகுப்பறையைத் திறந்துவிடுங்கள். ஊர்க் குழுக்கள் மீதியைப் பார்த்துக்கொள்ளும். அனுபவமுள்ள டெவலப்பர்களுக்கும் ஒன்று. மாவட்டத் தலைநகரங்களுக்குப் போங்கள். ஒரு மேஜையில் மூன்று பேரை உட்காரவைத்து, தமிழில் சொல்லிக்கொடுங்கள். ஒரு லினக்ஸ் குழுவை விழுப்புரத்தில் நடத்த முடியும் என்றால் தேனியிலும் திருவாரூரிலும் நடத்த முடியும். தொடங்குவதற்கு ஒரு அறையும், வாரக் கடைசியைக் கொடுக்கத் தயாராக இருக்கும் ஒரு ஆளும் போதும்.